குரல் மட்டும் மாறவில்லை

ஆகஸ்ட் 4, திங்கள்

பல்லவன் ரயிலில் வந்து காரைக்குடியில் இறங்கும்போது ஊர் பாதி தூங்கியிருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை சீரியலில் எனக்கிருந்த பெயரைச் சொல்லி, "நீங்கதானே?" என்றார். "ஆமாண்ணே, கல்லுக்கட்டி பக்கம் போகணும்" என்றேன். நான் வாயைத் திறந்ததும் அவர் முகத்தில் ஒரு சின்னக் குழப்பம். எனக்கு அது பழக்கம்தான். முகம் நான், குரல் நான் இல்லை. அந்தக் குரல் சென்னையில் ஒரு டப்பிங் அக்காவுடையது.

அந்தப் பாத்திரத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என் சொந்தப் பெயரை அது ஏற்கெனவே முழுசாகத் தின்றுவிட்டது.

அப்பத்தா முழித்துத்தான் இருந்தார். "இளைச்சுப் போயிட்டியேத்தா" என்றார். இளைக்கவில்லை, ஆறு கிலோ கூடியிருக்கிறேன். சண்டை போடவில்லை. வெள்ளைப் பணியாரம் ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் ஏழு தின்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

புது சீரியல் ஷூட்டிங், கானாடுகாத்தானில் முதல் நாள். யூனிட் முழுக்க ஓட்டலில் தங்க, நான் மட்டும் அப்பத்தா வீட்டிலிருந்து போய் வருகிறேன். ஒன்பது மணி கால்ஷீட்.

ஊருக்குள் போனால் தெருவெல்லாம் அரண்மனை மாதிரி வீடுகள். எங்களுக்குக் கொடுத்திருப்பது முன் தெருவில் முகப்பும் பின் தெருவில் அடுப்படியுமாக நீளும் வீடு. பர்மா தேக்குத் தூண்கள், வளவைச் சுற்றி, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி, பூட்டிய அறைகள். ஒவ்வொரு பூட்டும் ஒவ்வொரு பங்காளிக்கு. அதில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறாராம், அவர் போனில் சரி சொல்கிற வரைக்கும் மேனேஜர் திண்ணையில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சியின் முதல் நிபந்தனை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கேமரா டிராலி ஓட்டினால் அடியில் பாய் விரிக்க வேண்டும். "மேல பார்த்து நடிங்க, கீழ பார்த்து நடங்க" என்றார். எங்கள் இயக்குநர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

என் பாத்திரம் கதாநாயகியின் அம்மா. எனக்கு வயது முப்பத்து நாலு. மகளாக நடிக்கிற பெண்ணுக்கு இருபத்து மூன்று, பெங்களூர்ப் பெண், தங்கமான பிள்ளை. காதோரம் இரண்டு கோடு வெள்ளை இழுத்தார்கள். மேக்கப்மேன், "கொஞ்சமா போட்டிருக்கேன் மேடம்" என்று மன்னிப்பு கேட்கிற தொனியில் சொன்னார். எனக்கு அது உறுத்தவில்லை. உறுத்தியது வேறு.

இந்த சீரியலில் என் வசனம் லைவ் சவுண்ட், டப்பிங் இல்லை, நடிக்கும்போதே என் குரலைப் பதிவு செய்கிறார்கள். மாராப்புக்குள் மைக். முன்பெல்லாம் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லுவார், நாங்கள் அதைத் திருப்பிச் சொல்லி முகத்தைக் காட்டினால் போதும். ஆயிரம் எபிசோடுக்கு மேல் நடித்திருக்கிறேன், ஒரு பக்கம்கூட மனப்பாடம் செய்ததில்லை. இன்று காலை சீன் பேப்பர் கையில் வந்தபோது பத்தாம் வகுப்புப் பரீட்சை நாள் மாதிரி வயிற்றைக் கலக்கியது. முதல் ஷாட் ஒன்பது டேக். அதில் இரண்டு டேக் மயில் கத்தியதால் போனது. மீதி ஏழு என் கணக்கு.

ஆகஸ்ட் 7, வியாழன்

டிஆர்பி, அதாவது எந்த சீரியலை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு, வரும் நாள். சீரியல் ஆட்கள் வியாழக்கிழமை மதியம் யாரும் நிம்மதியாகச் சாப்பிட மாட்டார்கள். எங்கள் சீரியல் இன்னும் ஒளிபரப்பே ஆகவில்லை, ஆனாலும் பழக்க தோஷத்தில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு சாதத்தைப் பிசைந்தார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. விடியற்காலையில் கொப்புடையம்மன் கோயில். பூ விற்கிற அம்மா முழம் போட்டுக்கொண்டே, "மாப்பிள்ளை வரலையா?" என்றார். "இல்லம்மா" என்றேன். அது பொய்யும் இல்லை.

இதை எழுதிவிடுகிறேன். யூடியூப்காரர்கள் என் கல்யாண போட்டோவை நடுவில் கிழித்த மாதிரி படம் போட்டு, யாரும் சொல்லாத காரணங்களையெல்லாம் சொல்லியாகிவிட்டது. சீரியல் உச்சத்தில் இருந்தபோதுதான் எனக்குக் கல்யாணம். மாதத்தில் இருபத்தைந்து நாள் ஷூட்டிங், மீதி நாளில் கடைத் திறப்பு. புகுந்த வீட்டில் நடிப்பை விடச் சொன்னார்கள் என்று எழுதினார்கள். யாரும் சொல்லவில்லை. எனக்குத் தூங்க வேண்டும் போலிருந்தது. கல்யாணம் ஒரு நல்ல சாக்கு. அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை, நான்கு வருஷமும். அவர் ஒரு நடிகையைக் கட்டிக்கொண்டதாக நினைத்திருந்தார், வீட்டில் இருந்ததோ மதியம் மூன்று மணிக்கும் எழுந்திருக்காத ஒருத்தி. சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு பேரும் சம்மதித்துத்தான் மனு போட்டோம். முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஆறு மாதம் விட்டார்கள். மனசு மாறட்டும் என்றுதான் சட்டம் அந்த இடைவெளியைக் கொடுக்கிறது. எங்களுக்கு அதில் மாறியது, போனில் பேசும்போது கொஞ்சம் மரியாதை கூடியது, அவ்வளவுதான்.

நான் விலகிய அன்று இரவு, திரையில் அந்த அட்டை வந்தது. இவருக்குப் பதில் இவர். என் படம் ஒரு பக்கம், புதுப் பெண்ணின் படம் இன்னொரு பக்கம். ஐந்து விநாடி இருக்கும். மூன்று வருஷ உழைப்பு. மறுநாள் புதுப் பெண் என் மாமியாரோடு, என் அடுப்படியில், என் கொலுசைத் தேடிக்கொண்டிருந்தார். பேசியது அதே அக்கா, அதே குரல். ஒரு மாதம் கழித்து ஊருக்கு வந்தபோது பார்க்கிறேன், அப்பத்தா அந்த சீரியலை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். "நான்தான் அதுல இல்லையே அப்பத்தா" என்றேன். "குரல் மாறலையே" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடுமுறை. கண்டாங்கிச் சேலை நான்கு வாங்கினேன், அரக்கும் மஞ்சளுமாகப் பெரிய கட்டம். அம்மா வேஷத்துக்குக் காஸ்ட்யூம் தருவார்கள் என்று நினைக்காதீர்கள். சேலை நம் செலவு, அதற்கு ஏற்ற ஜாக்கெட்டும் நம் செலவு. பழைய சீரியலில் ஒரு சேலையை இரண்டாம் தடவை கட்டியதற்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். அம்மா என்பதால் இனி திருப்பிக் கட்டலாம். வயது கூடினால் இப்படிச் சில லாபம்.

கடையிலிருந்து வரும்போது சித்தப்பா வழக்கம்போல ஏவி.எம். புராணத்தை ஆரம்பித்தார். ஏ.வி. மெய்யப்பன் எங்கள் ஊர்க்காரர், ஸ்டுடியோவையே சென்னையிலிருந்து இங்கே கொண்டு வந்தவர், 1947-இல் வந்த 'நாம் இருவர்' காரைக்குடியில் எடுத்தது. இதெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாலாட்டு மாதிரி. ஆனால் இன்று அவர் சொன்ன இன்னொன்று மனதில் நின்றது. 1938-இல் மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' படத்தில், நடித்தவருக்குப் பதில் லலிதா வெங்கட்ராமன் பின்னாலிருந்து பாடினார். அப்புறம் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேச வைத்து 1944-இல் வெளியிட்டதும் அவரே. ஆக, தமிழ் சினிமாவில் முகம் ஒருவர் குரல் ஒருவர் என்கிற ஏற்பாட்டை ஆரம்பித்து வைத்தது என் ஊர்க்காரர்! யாரிடம் போய்ச் சண்டை போட?

எனக்கு ஏன் டப்பிங் வைத்தார்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள், தமிழ்ப் பெண்தானே என்று. "குரல் கட்டையா இருக்கு, ஊர் இழுவை வேற. ஹீரோயினுக்கு மெல்லிசா வேணும்" என்றார் அப்போதைய இயக்குநர். இப்போது இருப்பவர், "இந்தக் கட்டைக் குரல்தான் மேடம் எனக்கு வேணும், செட்டிநாட்டு அம்மா" என்கிறார். அதே தொண்டைதான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வளவில் பெரிய காட்சி. வெயில் நேராக இறங்குவதால் மேலே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். மகள் வீட்டை விட்டுப் போகிறாள், அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மூன்றரைப் பக்கம். காலையில் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து உருப்போட்டேன், ஆச்சி எதிரில் உட்கார்ந்து ஒப்பித்ததைச் சரிபார்த்தார். ஓரிடத்தில் "இப்படியா எந்தத் தாயும் பேசுவா? 'போறியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா போதாது?" என்றார். இயக்குநரிடம் சொன்னேன். அரைப் பக்கம் போய் அந்த ஒரு வார்த்தை நின்றது. இரண்டாவது டேக்கில் ஓகே.

பெங்களூர்ப் பெண்ணுக்கு இன்னும் தமிழ் வரவில்லை. அவளுக்கு ப்ராம்ப்டிங் உண்டு, என் வரி முழுசாக முடிந்த பிறகுதான் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் என் மைக்கில் ஏறிவிடும். அவள் குரலைப் பிறகு டப்பிங்கில் மாற்றுவார்கள். யார் பேசுகிறார் என்று சும்மாதான் கேட்டேன். உதவி இயக்குநர் சொன்ன பெயர் என் டப்பிங் அக்காவின் பெயர்.

இரவு அக்காவுக்குப் போன் செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பேசவே இல்லை. ஒளிவட்டமெல்லாம் எனக்கு, ஒலிப்பதிவு அறைக்குள் தனியாக நின்று என் அழுகையையெல்லாம் அழுதது அவர். "உன்ன மாதிரி யாரும் அழ மாட்டாங்கடி, உதடு சரியா அசையும், எனக்கு வேலை சுளுவு" என்றார். ஐம்பதைத் தாண்டிவிட்டார், இன்னும் இருபது வயதுப் பெண்களுக்குப் பேசுகிறார். "இப்ப உன்னையே அம்மான்னு கூப்பிடணும், பாரேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஷெட்யூல் முடிந்தது, நாளை ரயில். பேட்டா வந்துவிட்டது, சம்பளம் வரும் என்கிறார்கள். முந்தைய அனுபவத்தில் 'வரும்' என்ற சொல்லுக்கு எட்டு மாதம்வரை அர்த்தம் பார்த்திருக்கிறேன்.

மாலையில் டிவியில் முதல் ப்ரோமோ. வீடே கூடிவிட்டது. அப்பத்தாவை முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். வளவு, தூண், மகள் பெட்டியோடு திரும்புகிறாள். "அம்மா, நான் போறேன்." அக்காவின் குரல். அப்பத்தா என் கையைத் தட்டினார். "நீ பேசுற. மூஞ்சிய மட்டும் ஏன் வேற புள்ளையா போட்டிருக்கான்?"

"அது நான் இல்ல அப்பத்தா. தூண் பக்கத்துல நரையோட நிக்குது பாருங்க, அதுதான் நான்."

திரையில் நான், "போறியா?" என்றேன்.

அப்பத்தா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது நீ வீட்டுல பேசுற மாதிரியில்ல இருக்கு" என்றார். "இதுக்கா காசு குடுக்குறான்?"