இலவச வீடியோ தளத்தில் விளம்பர வருமானம்: டேக் போடுவதிலிருந்து பணம் வரும் வரை

இலவச வீடியோ தளம் நடத்துகிறவர்களை முதலில் கடிப்பது பேண்ட்வித் செலவு, அதாவது வீடியோ டேட்டாவை அனுப்பும் செலவு. நொடிக்கு 2.5 மெகாபிட் வேகத்தில் ஓடும் 10 நிமிட வீடியோவை ஒருவர் முழுதாகப் பார்த்தால் சுமார் 187 எம்.பி. போகும். ஆயிரம் பேர் பார்த்தால் 187 ஜி.பி. அந்த ஆயிரம் பார்வைக்கு சிடிஎன் (வீடியோவைப் பார்ப்பவருக்குக் கொண்டு சேர்க்கும் சர்வர் சேவை) பில் எவ்வளவு என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளம்பர விலையான சிபிஎம்மும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தளம் தாங்குமா என்பது தெரிந்துவிடும்.

பார்வை எண்ணிக்கையை சிபிஎம்மால் பெருக்கி அதுதான் வருமானம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பிளேயர் விளம்பரம் கேட்பது வேறு, கிடைப்பது வேறு, அது திரையில் ஓடுவது வேறு. உதாரணமாக, 1,000 முறை கேட்டதில் 60 சதவீதத்துக்கு விளம்பரம் கிடைத்து, அதிலும் பத்தில் ஒன்று பிழையாகிப் போனால், ஓடியது 540தான். சிபிஎம் 2 டாலர் என்றால் வருவது 1.08 டாலர். அதில் வீடியோ போட்டவருக்கும் பங்கு உண்டு. யூடியூப் நீள வீடியோக்களின் விளம்பரப் பணத்தில் 55 சதவீதத்தைப் படைப்பாளருக்குத் தருகிறது. புதுத் தளத்திலும் படைப்பாளர்கள் அந்த எண்ணை வைத்துத்தான் பேரம் பேசுவார்கள்.

அமைக்கும் வேலையை ஆட்ஸ்.டெக்ஸ்ட் (ads.txt) கோப்பிலிருந்து தொடங்குவது நல்லது. டொமைனின் மூல முகவரியில் இந்தக் கோப்பு இருக்க வேண்டும். உங்கள் விளம்பர இடத்தை விற்க யாருக்கு உரிமை உண்டு என்று இதில் வரிக்கு ஒருவராகச் சொல்கிறீர்கள்: விற்பவரின் டொமைன், அங்கே உங்கள் கணக்கு எண், நேரடியா மறுவிற்பனையா என்ற குறிப்பு. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் வாங்குபவர் ஏலம் கேட்காமல் ஒதுங்கிவிடுவார். திரையில் எந்தப் பிழையும் காட்டாது, நிரப்பு விகிதம் (கேட்டதில் விளம்பரம் கிடைத்த பங்கு) மட்டும் சரியும். அதனால்தான் இதை முதலில் பார்க்கச் சொல்கிறோம்.

அடுத்தது வாஸ்ட் (VAST) டேக், அதாவது விளம்பரம் கேட்க பிளேயரில் போடும் முகவரி. பிளேயரும் விளம்பர சர்வரும் பேசிக்கொள்ளும் எக்ஸ்எம்எல் வடிவம்தான் வாஸ்ட். 2008இல் இணைய விளம்பரத் துறை அமைப்பான ஐஏபி வெளியிட்டது. பணம் அதிகமாக ஒழுகுவது இங்கேதான். நீங்கள் விளம்பரம் கேட்டால் பல நேரம் விளம்பரம் வராது, இன்னொரு சர்வரின் முகவரி வரும். அங்கே போனால் மூன்றாவது முகவரி. இந்த ரேப்பர் சங்கிலி நீண்டால் 301 என்ற பிழை எண் வரும்: நேரம் கடந்துவிட்டது. 302 என்றால் சங்கிலி வரம்பைத் தாண்டியது. 303 என்றால் கடைசி வரை போயும் விளம்பரம் இல்லை. 403 வந்தால் உங்கள் பிளேயருக்கு ஒத்த மீடியா கோப்பு அதில் இல்லை என்று பொருள், எச்.264 எம்பி4 என்ற பரவலான வீடியோ வடிவம் கட்டாயம் வேண்டும் என்று வாங்குபவரிடம் கேட்டு வாங்குங்கள். இந்த எண்களை நாள்தோறும் விளம்பர நெட்வொர்க் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ரேப்பருக்கு ஐந்து படிக்கு மேல் அனுமதி வேண்டாம். சில நொடிகளில் பதில் வராவிட்டால் வீடியோவை ஓட விட்டுவிடுங்கள். கறுப்புத் திரையைப் பார்த்தபடி யாரும் காத்திருக்க மாட்டார்கள். பார்ப்பவர் போய்விட்டால் அடுத்த விளம்பர வாய்ப்பும் கூடவே போய்விடும்.

சத்தமில்லாமல் மூலையில் தானாக ஓடும் பிளேயரை இன்ஸ்ட்ரீம் (பார்ப்பவர் விரும்பிப் பார்க்கும் வீடியோவோடு வரும் விளம்பரம்) என்று அறிவித்து விற்காதீர்கள். ஐஏபியின் தொழில்நுட்பப் பிரிவான ஐஏபி டெக் லேப் 2023இல் அந்தச் சொல்லின் விளக்கத்தை இறுக்கிவிட்டது. கண்டுபிடித்தால் வாங்குபவர் தளத்தையே தடை செய்துவிடுவார்.

விளம்பர வடிவத்தில், வீடியோவுக்கு முன் ஓடும், தவிர்க்கக்கூடிய பிரீரோல்தான் எங்கள் தேர்வு. யூடியூப் 2010இல் கொண்டுவந்த முறை இது: 5 நொடிக்குப் பின் தவிர்க்கலாம், 30 நொடி, அதைவிடச் சிறிய விளம்பரமானால் முழுதும், பார்த்தாலோ அதைத் தொட்டாலோதான் விளம்பரதாரர் பணம் தருவார். பார்ப்பவர் விருப்பத்தோடு பார்த்த விளம்பரம் என்பதால் இதை விற்பது எளிது. வீடியோவின் கீழே மிதந்த ஓவர்லே விளம்பரம் 2007இல் வந்து 2023இல் யூடியூபிலிருந்து நீக்கப்பட்டது. இனி அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். நடுவில் வரும் மிட்ரோலை யூடியூப் 8 நிமிடத்துக்குக் குறைந்த வீடியோவில் அனுமதிப்பதில்லை. நியாயமான வரம்பு. நேரத்தை எண்ணி வைக்காமல் காட்சி மாறும் இடத்தில் வையுங்கள். பேச்சின் நடுவே வெட்டினால் அந்த இடத்திலேயே ஆட்கள் வெளியேறுவது பார்வை வரைபடத்தில் தெளிவாகத் தெரியும்.

யார் வேண்டுமானாலும் எதையும் ஏற்றலாம் என்பது விளம்பரதாரரின் பெரிய பயம். 2017இல் தீவிரவாத வீடியோக்களின் பக்கத்தில் தங்கள் விளம்பரம் ஓடியதைக் கண்டு பெரிய நிறுவனங்கள் யூடியூபிலிருந்து விலகின. அடுத்த ஆண்டே 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்ற தகுதி வரம்பு வந்தது. சிறிய தளத்திலும் புது வீடியோவுக்கு விளம்பரத்தை அணைத்தே வையுங்கள். ஓர் ஆள் பார்த்து, அடுத்தவர் படமோ பாட்டோ இல்லை என்று உறுதி செய்த பிறகு திறக்கலாம்.

கணக்குப் பலகையில் தெரியும் தொகை மதிப்பீடு மட்டுமே. ஒப்பந்தப்படி 30, 60, சில நேரம் 90 நாள் கழித்துத்தான் பணம் வரும், அதற்குள் போலிப் பார்வை என்று ஒரு பகுதியைக் கழித்தும் விடுவார்கள். படைப்பாளருக்கான பங்கை மதிப்பீட்டை வைத்து அனுப்பாதீர்கள். இறுதித் தொகை வங்கியில் விழுந்த பிறகு, கழிவையும் வீடியோ வாரியாகக் காட்டி அனுப்புங்கள்.