சிங்கப்பூர் போனில் வராத 5ஜி

வேலூர் கொசப்பேட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். ஒரு ஆல்பம் முடிந்தால் மூன்று ஜிபிக்குக் குறையாது. அதை பிரிண்டிங் லேபுக்கு அனுப்பியாக வேண்டும். எங்கள் சந்துக்கு ஃபைபர் லைன் வரவில்லை, போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. அதனால், போன வருஷம் வைகாசியில் தங்கை வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது நல்ல 5ஜி போன் ஒன்று கொண்டுவந்து கொடுத்ததும் எனக்கு ஒரே சந்தோஷம்.

சிம்மைப் போட்டேன். மூலையில் 4ஜி என்றுதான் காட்டியது. கீழ் வீட்டுப் பையனிடமும் அதே கம்பெனி சிம்தான். அவனுடைய பத்தாயிரம் ரூபாய் போனில் 5ஜி எரிந்துகொண்டிருந்தது. என்னுடையதில் ஆல்பத்தை ஏற்றினால் ராத்திரி பதினொன்றுக்குத் தொடங்கி விடியற்காலைதான் முடியும். நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

198க்கு அடித்துப் புகார் கொடுத்தேன். போனை அணைத்துப் போடுங்கள், தினம் 2 ஜிபி தரும் பிளானுக்கு மாறுங்கள் என்றார்கள். 84 நாள் பிளானாகப் போட்டேன். மாற்றமில்லை. ஷோரூமுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், "சார், உங்க சிம் பழசு, புது 5ஜி சிம் மாத்திக்கோங்க" என்றார். நம்பி மாற்றினேன். இதுதான் நான் செய்த பெரிய தவறு. 2022 அக்டோபர் 1ஆம் தேதி நாட்டில் 5ஜி தொடங்கிய காலத்திலேயே, கையிலிருக்கும் 4ஜி சிம்மே போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது அப்போது தெரியாது.

சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. திருடர்கள் நம் நம்பரில் சிம் வாங்கி ஓடிபி பிடிக்காமல் இருக்க வைத்த விதி அது, நல்ல விதிதான். ஆனால் ஷோரூமில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று லேபுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது, ஓடிபி வரவே இல்லை. ஒரு பெண் வீட்டாரின் ஆல்பம் அதனால் இரண்டு நாள் தள்ளிப்போனது. அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்து வந்தது பயம். வெளிநாட்டுப் போனாயிற்றே, பிளாக் செய்திருப்பார்களோ? *#06# அடித்து, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பரை எடுத்தேன். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு அந்த நம்பரைப் போட்டு 14422க்கு அனுப்பினேன். போனின் பெயரும் மாடலும் சரியாக வந்தன. தடை ஏதும் இல்லை.

கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தது, மண்டி வீதிப் பக்கம் சின்னதாகப் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர்தான். போனைத் திருப்பிப் பார்த்ததுமே, "இன்னாண்ணா, இது நம்ம ஊரு மாடல் இல்லியே" என்றார். மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். ஊக்கை நிமிர்த்திக் குத்தி என் சிம்மை வெளியே எடுத்தார். அதைத் தன் போனில் போட்டார்: 5ஜி. அவரிடமிருந்த வேறு கம்பெனி சிம்மை என் போனில் போட்டார். ஒரு நிமிஷம் 4ஜி என்றே நின்றது. அப்புறம் 4 மறைந்து 5 வந்தது. சிம் சரி, போன் சரி, டவர் சரி. என் சிம்மும் என் போனும் ஒன்றுசேரும்போதுதான் தகராறு.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். 5ஜியில் இரண்டு வகை. ஒன்று, 4ஜியைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஓடும் என்எஸ்ஏ. இன்னொன்று, 4ஜியின் துணையில்லாமல் தனியாகவே ஓடும் எஸ்ஏ. என் கம்பெனியுடையது எஸ்ஏ, அவர் போட்ட சிம்முடையது என்எஸ்ஏ. அதில் ஒரு மாடல் ஓட வேண்டுமென்றால், அந்தக் கம்பெனியின் நெட்வொர்க்குக்கு என்றே போனின் சாஃப்ட்வேரில் அனுமதி இருக்க வேண்டும். சிங்கப்பூரில் விற்கும் போனில் அங்குள்ள கம்பெனிகளுக்கு அனுமதி இருந்தது, மச்சான் அங்கே 5ஜியில்தான் ஓட்டினார். இங்கே என் கம்பெனிக்கு இல்லை. போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலும் விசாரித்தேன். விற்ற நாட்டுக்குரிய அப்டேட்தான் வரும், இங்கே மாற்றித் தர முடியாது என்றார்கள்.

சோதித்துப் பார்க்காத போனுக்கு நெட்வொர்க்கைத் திறந்துவிட்டால் பேசும்போது கால் அறுந்துபோகலாம், அவசரத்துக்கு அழைப்பே போகாமல் இருக்கலாம். அதனால் கட்டுப்படுத்துவது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் 198இல் பேசியவரோ ஷோரூமில் இருந்தவரோ "என்ன மாடல், எங்கே வாங்கினது" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு இத்தனை அலைச்சல் இல்லை. அதைக் கேட்காமல் பிளானையும் சிம்மையும் மாற்றச் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, நம்பரை அந்த இன்னொரு கம்பெனிக்குப் போர்ட் செய்துவிடலாம் என்று 1900க்கு எஸ்எம்எஸ் போட்டேன். முடியாது என்று பதில் வந்தது. சிம் மாற்றி 7 நாள் ஆகாமல் போர்ட் கோட் தர மாட்டார்களாம். 2024 ஜூலை 1 முதல் இருக்கும் விதி. அந்தத் தேவையில்லாத சிம் இங்கேயும் வந்து காலை வாரியது. காத்திருந்து எட்டாம் நாள் மறுபடி அனுப்பினேன், எட்டு எழுத்து கோட் வந்தது. நம் தமிழ்நாட்டில் அது நான்கு நாள்தான் செல்லும். அன்று சாயந்திரமே ஆதாரோடு போய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி சிக்னல் போய், காலையில் புது சிம் வேலை செய்தது. பழைய சிம்மில் இரண்டு மாதத்துக்கு மேல் மிச்சமிருந்த ரீசார்ஜ் போனது போனதுதான். போர்ட் செய்தால் அது திரும்பக் கிடைக்காது.

போர்ட் ஆவதற்குள் ஒரு காரியம் செய்தேன். 198 புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடியிருந்தார்கள். அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு கம்பெனியின் அப்பீல் அதிகாரிக்கு எழுதினேன். பணம் கேட்கவில்லை. 5ஜி வராது என்று புகார் வந்தால் சிம்மைத் தொடுவதற்கு முன் மாடல் எண்ணைக் கேளுங்கள், ஓடும் மாடல்களின் பட்டியலை ஷோரூமில் ஒட்டுங்கள் என்று இரண்டே கோரிக்கை. பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் பதில் வந்தது.

புது சிம் வந்த அன்று காட்பாடிக் கல்யாணம் ஒன்றின் ஆல்பத்தை ஏற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கை கழுவுவதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.