கோயில் வாசலில் பாகவதர்

திருச்சியில் எங்கள் அப்பாயியிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இருந்தன. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் கனத்த கறுப்பு அரக்குத் தட்டுகள் அவை. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் அல்லது அதைவிடச் சற்றே கூடுதலாகத்தான் பாட்டு அடங்கும் என்பதால், நீளமான பாட்டு பாதியில் நின்றுவிடும். ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பிப் போட்டு, கிராமபோனின் கைப்பிடியை மறுபடி முறுக்கினால்தான் மீதியைக் கேட்க முடியும். அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களின் பாட்டு நாயகர் எம். கே. தியாகராஜ பாகவதரின் தட்டு ஓடும் நாட்களில் அந்தச் சிறிய இடைவேளையில் அப்பாயி தவறாமல் ஒரே வாக்கியத்தைச் சொல்லுவார்: "இப்பிடிப் பாடின மனுசன், கடைசியில கண்ணு தெரியாம கோயில் வாசல்ல ஒக்காந்து காசு வாங்குனாராம்." சொல்லிவிட்டு முந்தானையால் தட்டின் தூசியைத் துடைத்துத் திருப்பிப் போடுவார்.

நான் அதை நெடுங்காலம் நம்பினேன். பாகவதரைப் பற்றிப் பேச்செடுத்தால் நானும் அதையேதான் சொல்லிவந்தேன். பிற்பாடு, வெவ்வேறு ஊர்க்காரர்களிடம் கேட்டபோது அந்தக் கோயில் ஊருக்கு ஊர் மாறுவதைக் கவனித்தேன். திருச்சிக்காரர்களுக்கு அது சமயபுரம். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில். ஒருவர் சொல்லும்போது பழைய ரசிகர் ஒருவர் அவரை அடையாளம் கண்டு அழுகிறார். இன்னொருவர் சொல்லும்போது யாரென்றே தெரியாமல் ஒரு பெண்மணி மடியில் நாணயத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். அப்பாயிக்கு இதைச் சொன்னவர் அவருடைய அண்ணன். நேரில் பார்த்ததாகவே அப்பாயி நினைத்திருந்தார். அந்தத் தாத்தாவிடம் நான் கேட்டேன். போட் மெயில் ரயிலில் கூட வந்த ஒருவர் சொல்லக் கேட்டதாகச் சொன்னார். அதற்கு மேல் அந்தக் கயிறு போகவில்லை.

மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த பாகவதர், 1959 நவம்பர் 1 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் காலமானார். அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நீரிழிவு அவரை வெகுவாக வாட்டியிருந்தது. கடைசி ஆண்டுகளில் பார்வையும் மங்கியிருந்தது. உடல் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, சங்கிலியாண்டபுரத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. இவ்வளவும் உண்மை. இந்த உண்மைகளைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் வளர்ந்திருக்கிறது.

பார்வை மங்கியதை எடுத்துக்கொள்வோம். நீரிழிவு கட்டுக்குள் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசியத் தொடங்கும். அதன் முடிவில் பார்வை போகும். இன்று அந்தக் குழாய்களை லேசர் கொண்டு அடைத்துப் பார்வையை ஓரளவு காப்பாற்றுகிறார்கள். ஆனால் லேசர் என்ற கருவியே பாகவதர் இறந்ததற்கு அடுத்த ஆண்டுதான், 1960இல்தான், முதன்முதலில் இயக்கப்பட்டது. இத்தனைக்கும் நம்மவர்கள் இதற்குச் சொன்ன காரணம் வேறு: அளவுக்கு மீறி வாழ்ந்தார், தங்கத் தட்டில் சாப்பிட்டார், அந்தக் கண்களால் எத்தனையோ பேரை மயக்கினார், ஆகவே கண் போயிற்று. இன்றைக்கு நம் வீடுகளில் எத்தனை பேர் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார்கள்! அவர்களில் யாருடைய நோயையும் பார்த்து நாம் இப்படிக் கணக்குத் தீர்ப்பதில்லை.

கோயில் வாசல் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் 1941இல் வெளிவந்த 'அசோக் குமார்' நினைவுக்கு வந்தது. அசோகச் சக்கரவர்த்தியின் மகன் குணாளனாக அதில் பாகவதர் நடித்தார். சிற்றன்னையின் ஆசைக்கு இணங்காத குணாளன் கண்களை இழந்து, ஊர் ஊராகப் பாடித் திரிந்து, கடைசியில் தன் குரலாலேயே அடையாளம் காணப்படுகிறான் என்பது அந்தப் பழங்கதை. 'பூமியில் மானிட ஜென்மம் அடைந்து' என்ற புகழ்பெற்ற பாட்டு அந்தப் படத்தில்தான் வருகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த 'ஹரிதாஸ்' படத்திலும், பெற்றோரை உதாசீனம் செய்த மகன் கால்களை இழந்து, மனம் திருந்திப் பாடுகிறான். ஆக, உறுப்பிழந்து, செல்வமிழந்து, நெக்குருகிப் பாடும் பாகவதரை இந்த மக்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிப் பார்த்து, விம்மி அழுதிருக்கிறார்கள். பின்னாளில் அவருக்கு மெய்யாகவே பார்வை மங்கியது என்ற செய்தி வந்தபோது, மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்த குணாளன் எழுந்து சமயபுரத்து வாசலில் உட்கார்ந்துவிட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். ஆனாலும், தாம் நேரில் கண்டதாக மனதார நம்பிச் சொல்லும் நல்லவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளாமல் இந்தக் கதையைப் புரிந்துகொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வதந்தி என்பது பாகவதரின் வாழ்க்கையில் புதியதும் அல்ல. அவரைச் சிறைக்கு அனுப்பிய வழக்கே வதந்தியை விற்றுப் பிழைத்த ஒருவரின் கொலையிலிருந்து தொடங்கியது. லட்சுமிகாந்தன் முதலில் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்ற பத்திரிகைகளில் நடிகர் நடிகையரின் அந்தரங்கம் என்று எழுதிவந்தார். எழுதாமல் இருப்பதற்குப் பணம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது இருந்தது. 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் பட்டப்பகலில் அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அந்தத் தீபாவளிக்குத்தான் 'ஹரிதாஸ்' திரைக்கு வந்திருந்தது. ஆண்டு முடிவதற்குள் பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945இல் இருவருக்கும் தீவாந்தர தண்டனை, அதாவது ஆயுளுக்கும் நாடுகடத்தும் தண்டனை, விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோற்றது. வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி விசாரிக்கப்பட வேண்டும் என்று திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது. இரண்டாண்டுகளுக்கும் மேல் சிறையில் கழிந்திருந்தன. அந்தக் காலத்தின் பெரும்பகுதியிலும் பிராட்வே டாக்கீஸில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டேயிருந்தது; மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. கதாநாயகன் கம்பிக்குள், அவன் பாட்டு கொட்டகைக்குள். மக்கள் அவரைக் கைவிட்டார்கள் என்று சொல்பவர்கள் அந்த மூன்று தீபாவளிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என்னை உண்மையிலேயே வருத்துவது இதுதான்: பாகவதரின் கடைசிக் காலத்தைப் பற்றிக் கதை சொல்கிறவர்கள் கொலை வழக்கைச் சொல்கிறார்கள், சிறையைச் சொல்கிறார்கள், வறுமையைச் சொல்கிறார்கள். விடுதலையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். சொன்னாலும், "பிறகு எப்படியோ வெளியே வந்தார்" என்று அரை வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்ற ஒரு மனிதருக்கு அந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் தண்டனையை மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். கண் தெரியாத பிச்சைக்காரர் என்ற அந்த முடிவு, கேட்பவர் மனத்தில் "செய்ததற்குக் கிடைத்தது" என்ற எண்ணத்தை ஓசையில்லாமல் விதைத்துவிடுகிறது.

வெளியே வந்தபின் அவர் சும்மா இருக்கவில்லை. கைதாவதற்கு முன் நடித்தவை ஒன்பது படங்கள். பின் நடித்தவை ஐந்து. 1948இல் வந்த 'ராஜ முக்தி' சரியாகப் போகவில்லை. 1952இல் 'அமரகவி', 'சியாமளா' என இரண்டு படங்கள் வந்தன; 1957இல் 'புது வாழ்வு' வந்தது. பணம் கரைந்தது உண்மை. படங்கள் ஓடாததற்குச் சிறைக் களங்கம்தான் காரணம் என்று அடித்துச் சொல்பவர்களுக்கு நான் கலைவாணரைக் காட்டுவேன். அதே வழக்கு, அதே சிறை, அதே தீர்ப்பு. ஆனால் 'நல்லதம்பி', 'மணமகள்' என்று அவர் மறுபடி எழுந்து நின்றார். மாறியது சினிமாதான். 'அமரகவி' வந்த அதே 1952இல்தான் 'பராசக்தி' வந்தது. பாட்டுக்காகக் கொட்டகைக்குப் போன கூட்டம் வசனத்துக்காகப் போகத் தொடங்கிவிட்டது. பின்னணி பாடுவது வழக்கமாகிவிட்டதால், சொந்தக் குரலில் பாடத் தெரிந்த நடிகர்தான் வேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று. பாகவதருக்கு ஈடாக நின்ற பி. யு. சின்னப்பா சிறைக்கே போகவில்லை. 1951இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஒரு காலமே முடிந்துகொண்டிருந்தது. அதை ஒரு தனி மனிதரின் பாவ புண்ணியமாக எழுதிவிட்டார்கள்.

மரணத்தைப் பற்றியும் பல பேச்சுகள் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் கச்சேரிக்குப் போன இடத்தில் யாரோ கொடுத்த நாட்டு மருந்தைக் குடித்தார் என்பது ஒன்று. அந்த மருந்தில் விஷம் இருந்தது என்பது அதன் அடுத்த படி. நீரிழிவு முற்றிய உடம்பு சாய்வதற்கு விஷம் தேவையில்லை என்பதோடு இதை நான் விட்டுவிடுகிறேன்.

ஆனால் மருத்துவமனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். "பார், கடைசியில் தர்மாஸ்பத்திரியில்தான் போய்ச் செத்தார்" என்று அவரது வறுமைக்கு அதையே சாட்சியாகக் காட்டுகிறார்கள். 1959ஆம் ஆண்டின் சென்னையில், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்த ஜெனரல் ஆஸ்பத்திரிதான் பெரிய வைத்தியத்துக்கெல்லாம் பேர்போன இடம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கலைவாணர் உயிர் பிரிந்ததும் அங்கேதான். இன்றைய தனியார் மருத்துவமனைகளை மனத்தில் வைத்துக்கொண்டு அன்றைய கட்டிலைப் பார்ப்பதால் வரும் பிழை இது.

அவர் இறந்த பிறகு, 1960இல் 'சிவகாமி' திரைக்கு வந்தது. கோயில் வாசலில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லப்படும் அதே கடைசிக் காலத்தில் அந்த மனிதர் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு விளக்கொளியில் நின்று வேலை செய்திருக்கிறார்.

இதையெல்லாம் ஒருநாள் அப்பாயியிடம் உட்கார்ந்து சொன்னேன். மறுத்துப் பேசவில்லை. வெகு நேரம் கழித்து, "விடுதலை ஆனப்ப எங்க தெருவுல பட்டாசு வெடிச்சாங்கடா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். இத்தனை ஆண்டுகளில் அதை ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. பிறகு எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார்.