மூன்று புள்ளிகளுக்கு முன்னால் ஒரு 'து'

பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், திரைப்படம் என்பது பாடங்களெல்லாம் முடிந்து, பருவத்தின் கடைசி வாரத்தில் போட்டுக் காட்டும் ஒன்று என்றே எண்ணியிருந்தேன். இலக்கணம் ஒரு தாள், பிரெஞ்சு வழங்கும் நாடுகளின் திரைப்படம் வேறொரு தாள். இரண்டையும் நானே நடத்தினாலும் ஒன்றின் வாடை மற்றொன்றில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பழக்கம் குலைந்தது, செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பென் 1966இல் எடுத்த 'லா நுவார் து...' படத்தின் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிய நாளில்தான். செனகல் தலைநகர் டக்காரிலிருந்து பிரான்சின் தென்கரைக்கு வீட்டு வேலைக்காகச் செல்லும் தியுவானாவின் கதை அது. 'நுவார்' என்றால் கறுப்புப் பெண். 'து' என்ற முன்னிடைச்சொல்லோ, தமிழ் ஐந்தாம் வேற்றுமைக்கும் ஆறாம் வேற்றுமைக்கும் பிரித்துக் கொடுத்திருக்கும் இரண்டு வேலைகளையும் தான் ஒன்றே செய்வது. ஆகவே 'இன்ன ஊரிலிருந்து வந்த கறுப்புப் பெண்' என்றும் படிக்கலாம், 'இன்னாருடைய கறுப்புப் பெண்' என்றும் படிக்கலாம். ஊரா, உடையவரா என்பதைச் சொல்லாமல் தலைப்பு மூன்று புள்ளிகளில் நின்றுவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் நான் கொடுத்துவந்த பயிற்சித்தாள் எதுவும் அந்தச் சொல்லை இவ்வளவு துலக்கமாக விளக்கியதில்லை.

படத்திலும் இதே சிக்கல் உண்டு. தியுவானா முதலாளிகளிடம் வாய்திறந்து சொல்வது பெரும்பாலும் 'வீ, மதாம்' ('சரி, அம்மா') என்ற அளவில் நின்றுவிட, அவளுடைய மனக்குரல் மட்டும் பிசிறில்லாத பிரெஞ்சில் ஒலிக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு இந்த மொழி எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவி கேட்டார். என்னிடம் ஆயத்தமான விடை இல்லை; இரண்டு வகுப்புகள் அதிலேயே கழிந்தன.

பிறகொரு பருவத்தில், செம்பென் 1968இல் எடுத்த 'மந்தாபி'யை, அது செனகலில் பேசப்படும் வொலோஃப் மொழிப் படம் என்று முன்கூட்டிச் சொல்லாமல், துணைவசனத்தையும் அணைத்துவிட்டுத் திரையிட்டேன். (கொஞ்சம் கொடுமையான உத்திதான், மறுமுறை அப்படிச் செய்யவில்லை.) கேட்டல் தேர்வில் எப்போதும் முதலிடம் பெறும் மாணவர், பத்து நிமிடத்தில் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, தமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை என்று தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார். பாரிஸிலிருந்து சகோதரி மகன் அனுப்பிய மணியார்டரை மாற்ற வழியில்லாமல், அடையாள அட்டைக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் இப்ராஹிமாவின் எதிரே பிரெஞ்சு ஒலித்தபோதுதான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்கள் எல்லோருக்கும் விளங்கிய அந்தப் பேச்சுதான் அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.