இந்த ஜமக்காளத்தில் எத்தனை பேர் உட்காரலாம்?

எங்கள் பவானி ஜமக்காளக் கடையின் இணையதளத்தை மாற்றியமைத்ததைப் பற்றி எழுதச் சொல்லித் தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களும் சிறு கடைக்காரர்கள்தான். ஒருவர் சென்னிமலைப் போர்வை விற்கிறார், இன்னொருவர் ஊத்துக்குளி நெய். "தளத்துக்கு வர்றாங்க, பார்க்கறாங்க, வாங்காமப் போயிடறாங்க" என்பதுதான் எல்லாருடைய புலம்பலும்.

நான் முதலில் செய்தது, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மாமனாருக்கு வரும் ஃபோன்களைக் காது கொடுத்துக் கேட்டதுதான். தளத்தைப் பார்த்துவிட்டு அழைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்குகிறார்கள்: "ஏனுங்க, இதுல எத்தன பேரு உக்காரலாமுங்க?" தளத்தில் எட்டுக்கு ஆறு அடி என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. ஆனால் அடிக்கணக்கைப் பார்த்ததும் அது கூடத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று யாருக்கும் கண்ணில் தெரிவதில்லை. அப்புறம் சாயம் போகுமா, எவ்வளவு கனம், கைத்தறிதானா பவர்லூமா என்று வரும். இந்தக் கேள்விகளுக்குத் தளத்திலேயே பதில் இருந்தால் பாதிப்பேர் ஃபோனே செய்யாமல் வாங்கிவிடுவார்கள் என்று தோன்றியது. வடிவமைப்பு வேலை முழுவதும் அதிலிருந்து வந்ததுதான்.

ஒவ்வொரு அளவையும் எங்கள் கூடத்தில் விரித்து, அக்கம்பக்கத்தாரை உட்காரவைத்துப் படம் எடுத்தோம். எட்டுக்கு ஆறில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். அந்தப் படம்தான் இப்போது முதலில் வருகிறது. வெள்ளைப் பின்னணியில் மடித்து வைத்த அழகான படம் இரண்டாவதாகப் போய்விட்டது. அடுத்து ஓரத்தின் நெருக்கப் படம், புரட்டிப் போட்ட பின்பக்கம். நிறத்தில்தான் நிறையத் தகராறு வரும். அரக்கு நிறம் சில ஃபோன்களில் வெறும் சிவப்பாகத் தெரிகிறது. அதனால் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றைச் சேர்த்து, நிறத்தின் பெயரையும் அரக்கு, கிளிப்பச்சை, கத்திரிப்பூ என்று எழுத்தில் கொடுத்தோம்.

கைத்தறியா என்ற கேள்விக்குத் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்யும் சின்ன வீடியோ ஒன்று. அதன் கீழே இரண்டே வரி: 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்த பொருள் இது, 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகம். பவர்லூம் சரக்கு பாதி விலைக்கு ஏன் கிடைக்கிறது என்று மாமனார் ஃபோனில் நீட்டி விளக்குவதை அந்த இரண்டு வரி குறைத்திருக்கிறது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

தளத்தைக் கட்டிக்கொடுத்த பீளமேட்டுத் தம்பிக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது முகப்பில். பவானியில் ஆறுகள் சேரும் கூடுதுறையை ட்ரோனில் எடுத்த வீடியோ முழுத் திரைக்கும் ஓட வேண்டும் என்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "அதைப் பாக்கறவங்க சங்கமேஸ்வரர் கோயிலுக்குத்தான் தம்பி வருவாங்க, கடைக்கு வரமாட்டாங்க" என்று எடுத்துவிட்டேன். அது போனதுமே தளம் வேகமாகிவிட்டது. பெரிய படம் இரண்டரை விநாடிக்குள் திரைக்கு வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். ஃபோனில் எடுத்து அப்படியே ஏற்றியிருந்த படங்களைச் சின்னதாக்கி, கோப்பு கனம் குறையும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றினோம். ஒவ்வொரு படத்துக்கும் நீள அகலத்தை முன்கூட்டியே நிரலில் கொடுத்தோம். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது கீழே இருக்கும் பொத்தான் நகர்ந்து, விரல் வேறெங்கோ படுகிறது.

தமிழில் தளம் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலத்துக்கென்று அமைத்த வரி இடைவெளியில் நம் கொம்பும் சுழியும் மேலும் கீழும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவைப் போல 1.6 மடங்கு வைத்ததும் படிக்க வந்தது. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்தையும் நீக்கச் சொன்னேன். அது ஸ்டைலாம். வாங்குகிறவர்களில் கண்ணாடி போட்டவர்கள் அதிகம், அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அப்புறம், ஆங்கில எழுத்தில் ஜமக்காளத்தை ஆளுக்கொரு மாதிரி தட்டுகிறார்கள். தேடல் பெட்டி அத்தனைக்கும் பொருளைக் காட்டும்படி செய்தாயிற்று.

ஜமக்காளம் கனமான சரக்கு, கூரியர் செலவு கையைக் கடிக்கும். அதைக் கடைசிப் பக்கத்தில் காட்டினால் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். இப்போது விலைக்குக் கீழேயே பின்கோடு பெட்டி. தட்டினால் கூரியரோடு சேர்த்து மொத்தத் தொகை வந்துவிடும். கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் போடு என்ற தொல்லை இல்லை. ஃபோன் எண், முகவரி, யுபிஐ, அவ்வளவுதான்.

'இன்னும் 2 மட்டுமே உள்ளது' என்று சிவப்பில் மின்னும் பட்டையும் ஓடும் கடிகாரமும் வைத்தால் விற்பனை ஏறும் என்று தம்பி சொன்னார். ஏறலாம். ஆனால் குடோனில் அடுக்கி வைத்துக்கொண்டு எப்படிப் போடுவது? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடுத்த 13 ஏமாற்று உத்திகளில் இந்தப் பொய் அவசரமும் ஒன்று. கூரியர் செலவைக் கடைசி வரை மறைத்து வைப்பதும் அந்தப் பட்டியலில் வருகிறது.

கல்யாண மண்டபம், கோயில் ஆர்டர்களுக்கு மட்டும் படிவமே வைக்கவில்லை, ஃபோன் எண்தான். அளவு, நிறம், பார்டர், எந்த முகூர்த்தத்துக்குள் வேண்டும் என்று பேசித்தான் முடிக்க முடியும். அந்த ஃபோன்களை மாமனார்தான் எடுக்கிறார், இப்போதும் நீட்டித்தான் பேசுகிறார்.