சிறுவிடைக் கோழிகளுக்கு ஒரு மண்வீடு

மண்சுவர் வைக்க மாசி, பங்குனியை விட்டால் வேறு நல்ல காலம் இல்லை. அறுப்பு முடிந்து புது வைக்கோல் கையில் இருக்கும், வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், மழை எட்டிப் பார்க்காது. சிவகங்கைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழிகள் பத்தும் ஒரு சேவலும் உண்டு. பகலெல்லாம் மேய்ச்சல், ராத்திரிக்குக் கவிழ்த்து மூடும் மூங்கில் பஞ்சாரம். அந்தப் பஞ்சாரத்தைத் தெருநாய்கள் புரட்டத் தொடங்கியதால்தான் நிலையான கூடு ஒன்று கட்டும் எண்ணம் வந்தது.

தகரக் கொட்டகை போடுவது ஒரு நாள் வேலை. ஆனால் கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். அக்கினி நட்சத்திரத்தில் தகரத்துக்கடியில் அவை படும் பாட்டைப் பார்க்க எனக்கு மனமில்லை.

உள்ளளவு 6க்கு 4 அடி. வெளியே மேய்ந்துவிட்டு வரும் கோழிக்கு அடைய, தலைக்கு 2 சதுர அடி இருந்தால் தாராளம். நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைத்தேன். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவர்களில் மட்டும் விழும்.

அதிக நேரம் எடுத்தது மண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் இறங்கிவிடும். அதன்மேல் வண்டல் படியும். களி கடைசியாகத்தான் தெளியும். எங்கள் செம்மண்ணில் மணல் தூக்கல், களி குறைச்சல். பக்கத்துக் கொல்லைக்காரர் வயலுக்கென்று அனுமதி வாங்கி அடித்திருந்த, களி மிகுந்த கண்மாய்க் கரம்பை மண்ணில் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். வெவ்வேறு அளவில் கலந்து சிறு கட்டிகள் பிடித்து நிழலில் காயவைத்ததில், கரம்பை மிஞ்சியவை எல்லாம் வெடித்தன. மூன்று பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு கரம்பை சேர்த்த கட்டி வெடிக்கவும் இல்லை, உதிரவும் இல்லை. இது எங்கள் மண்ணுக்கான கணக்கு. உங்கள் மண்ணுக்கு நீங்கள்தான் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஆரோவில்லில் 5 சதவீத சிமென்ட் கலந்து எந்திரத்தில் அழுத்தும் மண்கற்களை யோசிக்காமல் இல்லை. ஆளுயரம்கூட இல்லாத கூட்டுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

அடித்தளத்துக்கு ஓரடி ஆழம் தோண்டிக் கருங்கல் அடுக்கி, தரைக்கு மேலேயும் ஒன்றரை அடி கல்லிலேயே எழுப்பினேன். மண்சுவரைக் கரைப்பது மேலிருந்து விழும் மழையைவிட, தரையில் பட்டுத் தெறிக்கும் தண்ணீர்தான். பெருச்சாளிக்கும் அந்தக் கல்தான் தடை. உள்தரைக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்கினேன்.

கலவையை நறுக்கிய வைக்கோலோடு மிதித்து, ஈரச்சாக்கு மூடி ஒரு ராத்திரி புளிக்க விட்டால் மறுநாள் மண் கைக்கு இணங்கி வரும். கொழுக்கட்டை மாவுப் பதம் வேண்டும். முக்கால் அடி கனத்தில், ஒரு நாளைக்கு ஒரு முழத்துக்கு மேல் ஏற்றவில்லை. ஈரச்சுவர் தன் பாரத்தில் தானே பிதுங்கிவிடும். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, துருத்தி நின்றதை மண்வெட்டியால் சீவிவிட்டு, அது இறுகிய பிறகுதான் அடுத்த அடுக்கு.

இந்த வேலையிலேயே எனக்கு அதிகம் பிடித்தது முட்டையிடும் இடம். வாயகன்ற பழைய மண்பானைகளைப் படுக்கவைத்து, வாய் உட்பக்கம் பார்க்கச் சுவரோடு சேர்த்துப் பூசிவிட்டேன். உள்ளே கொஞ்சம் மணல், மேலே வைக்கோல். மரப்பெட்டியின் இடுக்குகளில்தான் செள்ளுப் பூச்சிகள் பகலில் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். பானையில் அவை ஒளிய இடுக்கு இல்லை. இதே காரணத்தால் கோழிகள் ராத்திரி அடையும் கொம்பையும் சுவரில் பதிக்காமல், கழற்றி வெயிலில் போடும்படி வைத்திருக்கிறேன்.

கூரைக்கு அடியில் நீள இரு பக்கமும் ஒரு சாண் உயரத்துக்குக் காற்றுத் திறப்பு. எச்சத்தின் காரநெடி தங்கினால் கோழிக்குச் சளி பிடிக்கும். திறப்புக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கம்பிவலை) நான்கு பக்கமும் சுவருக்குள் பதித்தேன். சாதாரணக் கோழிவலையை மரநாய் பிய்த்துவிடும், பாம்பு நுழைந்துவிடும்.

கூரையில்தான் அப்பத்தா குறுக்கிட்டார். "இறவாரத்தை நல்லா இறக்கிப் போடுய்யா, சுவர் தானா நிக்கும்." நான் நினைத்திருந்தது ஓரடி. அவர் பேச்சுக்கு இரண்டடியாக நீட்டினேன். பனைமரச் சட்டமான பனங்கையின்மேல், இடித்த வீடொன்றிலிருந்து கிடைத்த நாட்டு ஓடு. ஓட்டை நெம்பி உள்ளே இறங்குவது மரநாய்க்குக் கைவந்த கலை என்பதால் ஓட்டுக்கு அடியிலும் மெஷ் உண்டு.

பூச்சுக்குச் சலித்த மண், மணல், சாணம். நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளும் புறமும் நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தேன். மயிரிழை வெடிப்புகளை அது அடைத்துவிடுவதால் செள்ளுக்கு அங்கும் இடமில்லை. சிமென்ட் பூசச் சொன்னவர்கள் உண்டு. தயவுசெய்து யாரும் பூசாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேற முடியாமல் மண் நெகிழ்ந்து, சிமென்ட் தகடு தகடாகப் பெயர்ந்து வரும்.

முதல் இரண்டு மாலையும் கோழிகளைப் பிடித்துத்தான் அடைத்தோம். பிறகு இருட்டும் முன் தாமாகவே ஏறிவிட்டன. நடுப்பகல் வெயிலில் பெட்டைகள் உள்ளே வந்து உமியில் குழி பறித்துப் படுக்கின்றன. வாயைப் பிளந்து இரைப்பது உள்ளே அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. ஒரு பெட்டை பானைக்குள் அடை உட்கார்ந்திருக்கிறாள். கணக்குக்கு 21 நாள்.

சித்திரைக் கடைசியில் காற்றோடு அடித்த கோடை மழையில் மூன்று பக்கமும் கல்லுக்கு மேல் ஈரமே ஏறவில்லை. மேற்குச் சுவரில் மட்டும் சாரல் பட்டுச் சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்திருக்கிறது. ஐப்பசி அடைமழைக்கு முன் அந்தப் பக்கத்துக்கு ஒரு பனையோலைத் தட்டி கட்டி, சுண்ணாம்பும் இன்னொரு கை அடிக்க வேண்டும்.