நான்காவது வாக்கியம்

பிப்ரவரி 2

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்துவிட்டது. அதை மதிப்பிட்ட இரண்டாவது ரிவ்யூவர் சொன்னது இவ்வளவுதான்: பரிசோதனைகளைக் கவனமாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் என்ன கண்டுபிடித்தார்கள் என்று இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை. மூன்று வருட உழைப்பு. ஆய்வு நிதி கேட்கும் கிராண்ட் விண்ணப்பத்துக்கு இன்னும் 25 நாள்.

பிப்ரவரி 3

ஒரு வரிகூட எழுதவில்லை.

பிப்ரவரி 5

1990-இல் கோபனும் ஸ்வானும் அமெரிக்கன் சயின்டிஸ்ட் இதழில் எழுதிய கட்டுரையைப் படித்து முடித்தேன். எந்தத் தகவல் வாக்கியத்தில் எங்கே வரும் என்று வாசகருக்கு ஓர் எதிர்பார்ப்பு உண்டு என்கிறார்கள். தெரிந்தது முதலில் வர வேண்டும். புதியது, அழுத்தம் வேண்டியது, கடைசியில். எழுவாய் வந்தால் வினை உடனே வர வேண்டும், நடுவில் செருகியதை வாசகர் முக்கியமில்லாததாக எடுத்துக்கொள்வார்.

என் ஆய்வுச் சுருக்கத்தை எடுத்து எண்ணினேன். ஒரு வாக்கியத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே 31 சொற்கள். நான் உயிராக நினைத்த கண்டுபிடிப்பு அந்த 31-க்குள்தான் கிடந்தது.

இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று யோசித்தேன். தமிழில் வினை கடைசியில்தான் வரும். எப்போது, எங்கே, எதனால் என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு வினையைச் சொன்னாலும் கேட்பவர் பொறுமையாக இருப்பார், நாம் வளர்ந்ததே அப்படித்தான். ஆங்கிலம் படிப்பவருக்கு அந்தக் காத்திருப்பு பழக்கமில்லை. இது மொழியறிவுக் குறை என்று இத்தனை நாள் கூசிக்கொண்டிருந்தேன். குறை அங்கே இல்லை, இடத்தை மாற்றி வைத்தால் போதும் என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது.

பிப்ரவரி 6

சுருக்கத்தில் எல்லா வாக்கியமும் வழிக்கு வந்துவிட்டது. நான்காவது மட்டும் வரவில்லை.

பிப்ரவரி 8

அக்கா போனில். கணக்கு வழக்கு பார்ப்பவள், உயிரியல் பள்ளியோடு சரி. சுருக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "நீ என்னடா சொல்ல வர்ற? யாரு யாரைக் கொல்றாங்க?" என்றாள்.

அப்புறம் தாளை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னேன். பாக்டீரியா கூட்டத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாமே சாகும், ஒரு சில மட்டும் பிழைக்கும். பிழைத்ததை வளர்த்து அதே மருந்தை மறுபடி கொடுத்தால் அதன் பிள்ளைகள் பழையபடி சாகும், ஒரு சில பிழைக்கும். அதாவது அவை மரபணு மாறி எதிர்ப்பு பெற்றவை அல்ல, மருந்து இருந்த நேரத்தில் தாக்குப்பிடித்தவை, அவ்வளவுதான். 1944-இல் ஜோசப் பிக்கர் பென்சிலினை வைத்து இதைப் பார்த்து, இவற்றுக்கு பெர்சிஸ்டர் என்று பெயர் வைத்தார். அவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதுதான் என் கேள்வி.

"இதை அப்படியே எழுத வேண்டியதுதானே" என்றாள் அக்கா.

அப்படியே எழுதினேன். முன்னுரையின் முதல் பத்தி இப்போது அதுதான்.

பிப்ரவரி 9

நான்காவது வாக்கியம். ஆறு தடவை.

பிப்ரவரி 11

இதைப் பொறுமையாக எழுதி வைக்க வேண்டும்.

அந்த நான்காவது வாக்கியம் இது (ஏடிபி என்றால் செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு): "ஏடிபி அளவுக் குறைவுக்கும் ஆன்டிபயாடிக் சூழலில் உயிர்பிழைத்தலுக்கும் இடையே ஒரு தொடர்பு சுட்டப்படுகிறது." குறைவு, பிழைத்தல், தொடர்பு என்று எல்லாமே பெயர்ச்சொல். யாரும் எதையும் செய்யவில்லை. வினையைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று உட்கார்ந்தேன். ஏடிபி குறைகிறது. செல் பிழைக்கிறது. இரண்டையும் எதை வைத்துச் சேர்ப்பது? "குறைவதால் பிழைக்கிறது" என்று எழுதினேன், கை நின்றுவிட்டது. நான் பார்த்தது அதுவா? பிழைத்த செல்களை எடுத்து அளந்தேன், ஏடிபி குறைவாக இருந்தது. மருந்தின் அடியை வாங்கியதால்கூடக் குறைந்திருக்கலாமே. எது முதலில் என்று நான் பார்க்கவே இல்லை.

மூன்று வருடமாக "தொடர்பு" என்ற சொல்லுக்குப் பின்னால் அந்த ஓட்டை இருந்திருக்கிறது. ரிவ்யூவருக்குப் பிடிபடாதது எனக்கும்தான் பிடிபடவில்லை.

பிப்ரவரி 12

தூக்கம் இல்லை. ரிவ்யூவர் மீதிருந்த கோபம் போய்விட்டது.

பிப்ரவரி 13

என் வழிகாட்டி மேடத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏடிபியை நீங்களே குறைத்துப் பாருங்கள், இன்றைக்கே ஆரம்பியுங்கள்" என்றார். ஆர்சனேட் கொடுத்தால் செல் ஏடிபி செய்ய முடியாமல் திணறும். முதலில் அது, பிறகு மருந்து.

பிப்ரவரி 16

கிராண்ட். 1970-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பாவின் தலைவராக இருந்த ஜார்ஜ் ஹைல்மெயர் எந்தத் திட்டத்திடமும் கேட்ட கேள்விகளைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். என்ன செய்யப் போகிறீர்கள், துறைச்சொல் இல்லாமல் சொல்லுங்கள். இன்று அதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே முட்டுகிறது? உங்கள் வழியில் புதியது என்ன? வென்றால் யாருக்கு என்ன மாறும்? நடுவிலும் முடிவிலும் வெற்றியை எதை வைத்துச் சொல்வீர்கள்?

கடைசிக் கேள்வி என் திட்டத்தின் இரண்டாவது குறிக்கோளை, எய்ம் 2-ஐ, கவிழ்த்துவிட்டது. எய்ம் 1-இல் ஏடிபிதான் காரணம் என்று வந்தால் மட்டுமே எய்ம் 2-க்கு வேலை. முதல் படி இடிந்தால் பணம் முழுவதும் வீண், எந்த ரிவ்யூவரும் இதை முதல் வாசிப்பிலேயே பிடிப்பார். எய்ம் 2 தன் காலில் நிற்கும்படி மாற்றினேன்: காரணம் எதுவானாலும், மருந்தை நீக்கியதும் பெர்சிஸ்டர் எப்போது கண் விழித்து மறுபடி வளர்கிறது என்று ஒவ்வொரு செல்லாகப் பார்ப்பது.

பிப்ரவரி 19

தட்டுகளில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களை எண்ணினேன். பிழைத்தவை கூடியிருக்கின்றன!

பிப்ரவரி 20

ஆனால் ஆர்சனேட்டால் வளர்ச்சியும் மந்தமாகிறது. நான் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான ஆம்பிசிலின் வளரும் செல்லைத்தான் கொல்லும். வளர்வது நின்றதே பிழைக்கப் போதுமானதாக இருக்கலாம். "காரணம்" என்ற சொல்லை இன்னும் தொட முடியாது.

இரவு. சரி, இதுதானே எய்ம் 1! ஏடிபியையும் வளர்ச்சியையும் தனித்தனியாக அசைத்துப் பார்ப்பது. ஒளித்து வைக்க நினைத்ததைக் குறிக்கோள் பக்கத்தின் மூன்றாவது வரியில் வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் முதல் முறையாக மூச்சு விடுகிறது.

பிப்ரவரி 24

உரக்கப் படித்தேன். மூச்சு முட்டிய இடத்தில் எல்லாம் வெட்டு. நானே உருவாக்கிய சுருக்கெழுத்துகள் 14 இருந்தன, இரண்டு மிச்சம். பத்துப் பதினைந்து திட்டங்களை அடுக்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் படிக்கும் ஒருவர், என் 14-ஐ ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்?

பிப்ரவரி 27

அனுப்பிவிட்டேன். மாலை 4:10.

மார்ச் 3

காய்ச்சல்.

மார்ச் 8

கட்டுரைக்குத் திரும்பினேன். ஒவ்வொரு பத்திக்கும் எதிரே அது சொல்வதை ஒரே வரியில் எழுதிப் பார்த்தேன். ஏழு பத்திகளுக்கு எழுத முடியவில்லை. முடிவுகளை வேலை நடந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன், முதல் வருடம், இரண்டாம் வருடம் என்று. படிப்பவருக்கு என் வருடங்கள் எதற்கு? படங்களை மட்டும் தரையில் பரப்பி, எந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று பார்த்து மாற்றி அடுக்கினேன். நான்காம் படம் முதலுக்கு வந்துவிட்டது.

மார்ச் 11

அக்காவுக்குப் புதிய சுருக்கத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ தூங்கறதால பொழைக்குதா, பொழச்சதால தூங்குதா, அது இன்னும் தெரியாது, அதானே?" என்றாள்.

அதேதான்.

மார்ச் 12

நான்காவது வாக்கியம்: "பிழைத்த செல்களில் ஏடிபி குறைவாக இருந்தது, ஏடிபியை முன்கூட்டியே குறைத்தபோது பிழைத்தவை கூடின, ஆனால் வளர்ச்சியும் மந்தமானது."

மார்ச் 15

கிராண்ட் பற்றி ஒரு செய்தியும் இல்லை. வளர்ச்சியை மட்டும் நிறுத்தும் தட்டுகள் இன்குபேட்டரில் இருக்கின்றன, காலை ஆறு மணிக்கு எண்ண வேண்டும்.